முருகேசனைப் பார்த்து டிக் போட்டேன்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தேனிக்குப் போயி, எனக்கு என்ன வேலை பொருந்தும்னு ஒரு பரீட்சை எழுதிட்டு வரணும்.

எழுபத்தஞ்சு, எழுபத்தாறாம் வருசம் இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சுட்டு ரெண்டு வருசமா மார்க்கையன்கோட்டையில சும்மா திரிஞ்சேன். மதுரையில இருந்து வேலைவாய்ப்பு ஆபீஸ்காரக தேனியில ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாராகன்னு அப்பா கேள்விப்பட்டு வந்தாக. இதுலயும் ஒரு வழி தெரியலைன்னா, மறுநாளே போடியில சித்தப்பாவோட ஏலக்காய்க் கடைக்குப் போயிறணும்னு முடிவாச் சொல்லிட்டாக. எனக்கோ ஏலக்காய் மூட்டையைப் பார்த்தாலே தும்மல் வரும்.

அதிகாரி தாளைக் குடுத்துட்டு, இதுல சரி, தப்புன்னு எதுவும் கிடையாது, மனசுல பட்டதுக்கு டிக் போடுங்கன்னு சொன்னாக.

பதினோரு வருசம் பரீட்சை எழுதுனவன் இதை நம்புவானா? சரி, தப்பு இல்லாத பரீட்சைக்கா மதுரையில இருந்து ஜீப் போட்டு வருவாக?

பக்கத்துல முருகேசன். எங்க வகுப்புல எப்பவும் முதல் மார்க் அவன்தான். அவன் எங்கன டிக் போட்டானோ, நானும் அங்கன போட்டேன். கேள்வியைப் படிக்கக்கூட இல்ல. படிச்சா நேரம் வீணாகும்ல.

மத்தியானம் முடிவு சொன்னாக. என்னையும் முருகேசனையும், எங்களுக்கு முன்வரிசையில இருந்த ஸ்டெல்லாங்கிற போடிப் புள்ளையையும் ஒண்ணாக் கூப்பிட்டாக. அப்பாவும் பின்னாலயே வந்து நின்னாக.

அதிகாரி மூணு தாளையும் வரிசையா வச்சுக் காட்டுனாக. ஒரு டிக்கு மாறல. தன் சர்வீஸ்லயே இப்படிப் பார்த்ததில்லையாம். மூணு பேருக்கும் பொருந்துறது ஒரே வேலைதானாம். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ்.

ஸ்டெல்லாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. முருகேசன் தரையைப் பார்த்தான். அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. ஏன்டா இப்படிப் பண்ணுனன்னு அவன் காதுல கேட்டேன்.

"அது கண்ணாடி போட்டிருந்துச்சுடா. விவரமான புள்ளன்னு நெனச்சேன்."

அதிகாரி என்னைய விடல.

"கைக்குழந்தையைக் குளிப்பாட்ட ரொம்பப் பிடிக்கும்னு போட்டிருக்கீகளே தம்பி, இதுவரைக்கும் எத்தனை குழந்தையைக் குளிப்பாட்டியிருக்கீக?"

"மாடுதான் சார் குளிப்பாட்டியிருக்கேன். ரெண்டு."

அப்பா மெதுவா வெளியில போயிட்டாக.

ஊருக்குத் திரும்புற பஸ்ஸு வீரபாண்டியைத் தாண்டுச்சு. அப்பா என் பக்கம் திரும்பி, "உனக்கு எதுதான்டா பிடிக்கும்?"னு கேட்டாக.

யோசிச்சுப் பார்த்தேன். பக்கத்துல முருகேசன் இல்லாததால பதில் வரல.

ஸ்டெல்லா நர்ஸ் படிப்புக்குப் போனதாக் கேள்வி. முருகேசன் அவுக அப்பாவோட வயலுக்குப் போனான். நான் போடியில ஒரு வருசம் தும்முனேன். அப்புறம் ஒரு கோர்ட்டுல ஆள் எடுத்தாக. சேர்ந்தவன், ரிட்டயராகுற வரைக்கும் அங்கனதான் இருந்தேன்.

என்ன வேலைன்னு கேக்குறீகளா? தீர்ப்பைப் பார்த்து, ஒரு எழுத்து மாறாம நகல் எழுதுறது.