கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன முட்டைகள்

வெண்ணந்தூருக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு கோழிக் கொட்டகையில் அண்ட சித்தர் எழுந்தருளிய பிறகு, அந்த வழியாகப் போகிற பஸ்ஸெல்லாம் அங்கேயே காலியாகிவிடும். ராசிபுரத்துக்கு டிரைவரும் கண்டக்டரும் மட்டும் பேசிக்கொண்டே போய்ச் சேர்வார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்றால், வாலில் நிற்பவர் மழையில் நனைந்துகொண்டிருப்பார். தலையில் நிற்பவர் வெயிலுக்குத் துண்டு போட்டிருப்பார். நான் நடுவில் நின்றேன். எனக்குத் தூறல்தான்.

அண்டம் என்றால் உலகம் என்றும் சொல்லலாம், முட்டை என்றும் சொல்லலாம். சித்தர் எதற்கும் இருக்கட்டும் என்று முட்டையை வைத்துத் தொழில் நடத்தினார். ஆளுக்கு ஒரு முட்டை. அது உங்கள் தலையெழுத்தைச் சொல்லும். ஆனால் அவரிடம் வாங்கிய முட்டையாக இருக்க வேண்டும். லாரி லாரியாக முட்டை ஏற்றி அனுப்புகிற பண்ணைக்காரர்கள், வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியிலும் முட்டை அடுக்கியிருப்பவர்கள், இங்கே ஒற்றை முட்டைக்கு டோக்கன் போட்டு நின்றார்கள். பண்ணைக் கோழிக்கு ஊசி போடுவதால் அதன் முட்டைக்கு வாய் கட்டிவிடுகிறதாம். ஊசி போட்டவர்களே என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்கள்.

வாசலில் ஒரு பிளக்ஸ். பெங்களூரில் ஓர் அறிவியல் ஆராய்ச்சி நிலையத்தின் கேட்டுக்கு முன்னால் சித்தர் நிற்கிறார். எதிரே சீருடை போட்ட ஒருவர் கையைத் தூக்கியிருக்கிறார். 'முட்டையின் சக்தி கண்டு வணங்கும் விஞ்ஞானி' என்று கீழே எழுத்து. முட்டையைப் பார்த்து இயற்பியல்காரர்கள் வாயடைத்துப் போனார்களாம். வேதியியல்காரர்கள் மயங்கியே விழுந்தார்களாம். விஞ்ஞானமே விழுந்த பிறகு நாம் நிற்பது மரியாதையில்லை என்று கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு விழப் போனது.

உள்ளே நடப்பது இதுதான். முதலில் தனசேகர் என்ற சீடர் மேஜை போட்டு உட்கார்ந்து உங்கள் குறையைக் கேட்பார். அனுதாபமாகத் தலையாட்டுவார். பின்னால் ட்ரே ட்ரேயாக அடுக்கியிருக்கிற முட்டைகளில் ஒன்றைப் பய பக்தியோடு எடுத்துத் தருவார். குஞ்சு பொரிக்கிற இடத்தில் முட்டைக்கு விளக்கடித்துக் கரு பார்ப்பார்களே, அதேபோல சித்தர் டார்ச் அடித்துப் பார்ப்பார். செப்பு அண்டாவில் இருக்கிற தீர்த்தத்தில் முக்கி எடுப்பார். வெள்ளை ஓட்டின் மேல் குங்குமச் சிவப்பில் எழுத்து பூத்து வரும். எழுதுவது அம்மன், அதாவது ஆத்தா என்பார். 'ஆகும்.' அல்லது 'ஆகாது.' அல்லது 'பரிகாரம்.' ஆத்தாளுக்கு இந்த மூன்று வார்த்தைதான் எழுத வரும் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எழுத்து தானாக மங்கி மறைந்துவிடும். சொன்னதை ஆத்தா திரும்ப எடுத்துக்கொண்டாள் என்பார் சித்தர். கொடுத்த காணிக்கையை மட்டும் அவள் திரும்பத் தந்ததாகத் தகவல் இல்லை.

எங்கள் ஊர் சென்னியப்பன் அங்கே போனது கோழிக்காக. அவருடைய பண்ணையில் கோடை பிறந்ததிலிருந்து முட்டை குறைந்துவிட்டது. கோழியெல்லாம் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. குறை கேட்ட தனசேகரிடம் பேச்சுவாக்கில், தன் மகள் கயல்விழி அதே பெங்களூர் நிலையத்தில்தான் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள், காற்றிலிருக்கிற கரியமில வாயுவைச் சுண்ணாம்பு மாதிரிப் பொருளில் பிடித்து வைக்கிற வேலை என்று பெருமையாகச் சொல்லிவைத்தார். அது சித்தர் காதிலும் விழுந்தது. சித்தர் கண்ணை மூடினார். திறந்தார்.

"உம் புள்ள அங்க காத்தப் புடிச்சு அடைக்கறா. இங்க உன் கோழிக்கு மூச்சு முட்டுது."

முட்டையில் 'ஆகாது' என்று வந்தது.

வீட்டுக்கு வந்தவர், லீவில் வந்திருந்த மகளிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஆராய்ச்சியும் வேண்டாம், பெங்களூரும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறக் கூடாது. இரண்டு வருட உழைப்பு அங்கே பாதியில் நின்றுகொண்டிருந்தது. கயல்விழி அழுவாள், அவர் கத்துவார், நாம் போய்ச் சமாதானம் பேசி ஒரு காபி குடிக்கலாம் என்று நானும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனேன். காபி கிடைக்கவில்லை. அவள், முட்டையில் வந்த எழுத்து என்ன நிறம், எவ்வளவு நேரத்தில் மறைந்தது என்று ஏதோ சமையல் குறிப்பு கேட்பதுபோல விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒருக்கா நானும் வாரனுங்க. என் முன்னாடி அந்த முட்டை சொல்லட்டும். சொல்லுச்சுன்னா பெட்டியப் பிரிச்சு வெச்சுடறேன்."

"பேச்சு மாற மாட்டியே அம்மிணி?"

"நீங்களும் மாறக் கூடாதுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். வாசல் பிளக்ஸைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைத் தூக்கி வணங்குகிற விஞ்ஞானி அந்த நிலையத்தின் கேட் வாட்ச்மேனாம். அனுமதி இல்லாமல் உள்ளே வராதே என்று கை காட்டுகிறாராம். சென்னியப்பன் சுற்றுமுற்றும் பார்த்து, எதுவானாலும் மெதுவாகப் பேசு என்றார்.

முறை வந்தது. அவள் முட்டை கேட்கவில்லை. ஒரு டம்ளர் தீர்த்தம் கேட்டாள். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து சித்தர் சந்தோஷமாக மொண்டு கொடுத்தார். எதிரே இளநீர்க் கடையில் வாங்கி வந்திருந்த ஸ்ட்ராவை அதில் விட்டு ஊதினாள். குடுகுடுவென்று ஊத ஊத, கண்ணாடி மாதிரி இருந்த தீர்த்தம் பாலாக வெளுத்தது.

அங்கேதான் எங்கள் ஜனங்களைப் பற்றி அவள் கொஞ்சம் தப்புக் கணக்குப் போட்டிருந்தாள். குட்டு வெளிப்படும் என்று அவள் நினைத்தாள். முன்வரிசை அப்படியே அவள் காலில் விழுந்தது. ஒரு அம்மாள் பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து அதன் தலையிலும் ஊதச் சொன்னார். போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவர், ஆயிரம் அடி போயும் தண்ணீர் வராமல் புகையாக வருகிற தன் போர்க்குழியில் வந்து ஒரு ஊது ஊத முடியுமா, காரிலேயே கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். சித்தர் சும்மா இருப்பாரா? இந்தப் பெண்ணிடம் ஆத்தாளின் அம்சம் இருக்கிறது, இவள் இங்கேயே தங்க வேண்டும் என்று அறிவித்துவிட்டார். சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெங்களூர் பஸ் இன்னும் நூறு மைல் தள்ளிப் போய்விட்டது.

கயல்விழி இன்னொரு டம்ளர் மொண்டு அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்க ஊதுங்க."

அவர் ஊதினார். அதுவும் வெளுத்தது. சென்னியப்பனிடம் ஏதாவது அம்சம் இருப்பதாக அவர் சம்சாரம்கூட இதுவரை சொன்னதில்லை. கூட்டம் கொஞ்சம் குழம்பியது. பிறகு ரிக் வண்டிக்காரர் ஊதினார். பீடி வாயோடு ஊதியும் வெளுத்தது.

"சுண்ணாம்பத் தண்ணில போட்டுத் தெளிய வெச்சா இதுதானுங்க. மூச்சுல கரியமில வாயு இருக்குது. யார் ஊதினாலும் வெளுக்கும்" என்றாள் அவள்.

சித்தர் அசரவில்லை. தண்ணீர் எதுவானால் என்ன, எழுதுவது ஆத்தாதானே என்றார். கயல்விழியும் ஒத்துக்கொண்டாள். டிபன் பாக்ஸில் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்த தங்கள் பண்ணை முட்டையை எடுத்துக் கொடுத்தாள். முக்கினார். வெள்ளையாகவே வந்தது. ஊசி போட்ட கோழி என்றார். சரிங்க, அப்படியானால் உங்கள் முட்டையையே பார்த்துவிடலாம் என்று மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், தனசேகர் எழுவதற்குள் அடுக்கிலிருந்து ஒரு ட்ரேயைத் தூக்கிவந்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

"இந்த முட்டைங்ககிட்ட யாரும் இன்னும் எதுவும் கேக்கலீங்களே?"

இல்லை என்றது கூட்டம்.

ஒரு செம்புத் தீர்த்தத்தை அப்படியே ட்ரேயின் மேல் ஊற்றினாள்.

முப்பது முட்டையும் ஒரே நேரத்தில் பேசின. பரிகாரம், பரிகாரம், பரிகாரம். அடுத்த ட்ரேயில் ஊற்றினாள். ஆகாது, ஆகாது, ஆகாது. அதில் ஒரே ஒரு முட்டையில் மட்டும் 'ஆகும்' என்றும் 'ஆகாது' என்றும் இரண்டும் இருந்தது. தனசேகர் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்த அடுக்கிலேயே பொய் சொல்லாத முட்டை அது ஒன்றுதான்.

வரிசையில் அடுத்து நின்ற சௌந்திரம் என்கிற அம்மாள் டோக்கனைப் பிடித்த கையோடு எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, நானு இன்னும் கேக்கவே இல்லீங்களே" என்றார் சித்தரிடம்.

சித்தர் டார்ச்சை அணைத்தார். பகலில் அது எரிந்துகொண்டிருந்ததே அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

கயல்விழி விளக்கினாள். பினாப்தலீன் என்று ஒரு மருந்து. பிளஸ் டூ லேபில் ஒரு சொட்டு விடுவோமே, அது. அதைத் தொட்டு எழுதிக் காயவைத்தால் கண்ணுக்குத் தெரியாது, சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும். கூட்டத்தில் பிளஸ் டூ சயன்ஸ் குரூப் படித்தவர்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்துச் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிட்டார்கள்.

"அப்புறம் காத்துல இருக்கற வாயு அந்தச் சுண்ணாம்பத் தின்னுடும். எழுத்து மறைஞ்சுடும். ஆத்தா எடுத்துக்கலீங்க, காத்து எடுத்துக்குது. நான் அங்க தெனமும் பாக்கற வேலையே இதுதானுங்க."

சித்தரின் பெயர் ஜெயபிரகாஷ் என்றும், முன்பு லேப் சாமான் விற்றுக்கொண்டிருந்தவர் என்றும் தனசேகரே சொல்லிவிட்டார், யாரும் கேட்பதற்கு முன்பே. முட்டைகளோடு பழகிய பழக்கம்.

வெளியே வந்ததும் சென்னியப்பன் நின்றார்.

"அப்பக் கோழி ஏன் அம்மிணி முட்ட போட மாட்டேங்குது?"

"கூரை மேல தண்ணி அடிக்கற மோட்டாரு ஓடலைங்கப்பா. இந்த வெயில்ல அதுக தீவனமே எடுக்கறதில்ல. நான் வந்த அன்னைக்கே சொன்னேன். நீங்க டோக்கன் வாங்கோணும்னு கெளம்பிட்டீங்க."

சாயங்காலம் பெங்களூர் பஸ் ஏற்றிவிட அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் வருகிற வரைக்கும், காற்றை எப்படிப் பிடிக்கிறீர்கள், எதில் அடைக்கிறீர்கள், பிடித்து என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை. எனக்கு முக்கால்வாசி. ஆனால் இரண்டு வருடத்தில் அவர் அவளிடம் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

பெற்ற பெண்ணிடம் கேட்க வேண்டியதை முட்டையிடம் போய்க் கேட்ட மனுஷன் அவர் ஒருவர் மட்டும் இல்லை. உங்கள் வீட்டிலும் விஷயம் தெரிந்த ஆள் யாராவது இருக்கலாம். முட்டையை வேகவைத்து மிளகு தூவிச் சாப்பிட்டுவிட்டு, அவரிடம் கேளுங்கள்.