பூதத்துக்கு முதல் இலை

சட்டம் தெரிந்தவனால் ஊருக்கு ஆபத்தில்லை. சட்டம் தெரியும் என்று காட்டிக்கொள்பவனால்தான் ஆபத்து. இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த ஆபத்தாக அன்னவாசலில் சில வருடம் நடமாடியவன் நானேதான்.

வேலை என்னவோ தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு ஹாலில் நான் கடவுள். மேசையைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்காருவோம். ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். கதையை நடத்துவது நான். குகைக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன், வீசிய வாள் பட்டதா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். இதற்குச் செங்கல் கனத்தில் ஒரு விதிப்புத்தகம் உண்டு. அதை நான் நெட்டுருப் போட்டிருந்தேன். இரும்புக் கவசம் மாட்ட எத்தனை நிமிடம், எல்ஃப் என்கிற கூர்காது இனத்தார் தூங்குவார்களா இல்லை தியானம் மட்டும்தானா, எதைக் கேட்டாலும் பக்க எண்ணோடு பதில் வரும். குள்ளர் இனப் பெண்களுக்குத் தாடி உண்டா என்று மூன்று ஞாயிறு விவாதித்திருக்கிறோம். (எங்கள் ரேஷன் கார்டில் என் வயது அப்பாவைவிட இரண்டு கூடுதலாக இருந்ததை மட்டும் ஆறு வருடம் நான் கவனிக்கவில்லை.)

நித்யா குளத்தூர்க்காரி. என் நண்பன் செல்வாவின் மெடிக்கலில் வேலை பார்த்தாள், அவன்தான் விளையாட்டுக்குக் கூட்டிவந்தான். ஆறு மாதம் சேர்ந்து பூதம் அடித்ததில் எங்களுக்குள் பிடித்துப்போனது. இரண்டு வீட்டிலும் சொன்னோம். பெரிய எதிர்ப்பில்லை. ஒரே ஒரு தலையசைப்புதான் பாக்கி, அது நித்யாவின் தாய்மாமனுடையது.

மாமா துபாயில் கட்டட வேலையிடங்களில் சேஃப்டி ஆபீசர். ஒரு மாத லீவில் வந்திருந்தார், பத்து நாளில் ஃபிளைட். அவர் சரி என்றால் உடனே பூ வைத்துவிடலாம். இல்லையென்றால் அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான், அதுவரை பேச்சே கிடையாது. இந்த நேரம் பார்த்து, பையன் வாராவாரம் பகடை உருட்டுகிறான் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். சூதாடிக்கா பெண் கொடுப்பது என்று அவர் கேட்க, நேரில் வந்து விளையாடித்தான் பாருங்களேன் என்று நான் சொல்லி அனுப்பினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

மாமா இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். நல்ல மனிதர், ஆர்வமாகவே கேட்டார். குகை என்றதும், சித்தன்னவாசல் மாதிரி டிக்கெட் எடுக்கணுமா என்றார். எல்ஃப் எழுநூறு வருடம் வாழும் என்றேன், அப்படியானால் எத்தனை வயதில் பெண் பார்ப்பார்கள் என்றார். எல்ஃபுக்கும் மனிதனுக்கும் பிறந்த பிள்ளை எந்தப் பக்கத்துக் குலதெய்வத்தைக் கும்பிடும் என்று அவர் கேட்டபோது, என் செங்கல் புத்தகத்தில் பதில் இல்லை. அந்தக் கடுப்பு எனக்கு உள்ளே இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு தன் வீரனுக்குப் பெயர் வைத்தார். பயபக்தியோடு தன் குலதெய்வத்தின் பெயரையே வைத்தார். கருப்பர்.

குகைக்குள் ஒரு குட்டிப் பூதம் எதிர்ப்பட்டது. சண்டையில் யார் முதலில் அடிப்பது என்பதற்குப் பகடை போடவேண்டும். செல்வாவுக்கு நாலு, நித்யாவுக்கு ஆறு. மாமாவுக்கு ஒன்பது. பூதத்துக்காக நான் உருட்டினேன், அதற்கும் ஒன்பது. சமமாக வந்தால் பூதத்துக்குத்தான் முதல் வாய்ப்பு என்று அறிவித்தேன்.

மாமா முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. "தம்பி, இவளுக்கு என் மடியில வச்சுத்தான் காது குத்துனாங்க. சடங்குக்கு மொத சீர் நான் கொண்டாந்தது. நாளைக்குக் கல்யாணம்னாலும் மொத மாலை எனக்குத்தான். இங்க ஒரு பூதத்துக்குப் பின்னாடி நிக்கணுமா?"

மேசைக்கடியில் நித்யா என் காலை மிதித்தாள். செல்வா இருமினான். தெருவில் போகிற நாய்க்குக்கூட நிலைமை புரிந்திருக்கும்.

"சட்டம் அப்படிங்க மாமா" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "வெளையாட்டுல சொந்தபந்தம் பாக்க முடியாதுங்க" என்றும் சேர்த்தேன்.

பூதம் கருப்பர்மேல் பாய்கிறது என்று சொல்லிப் பகடையை உருட்டினேன். இருபது. இருப்பதிலேயே பெரிய அடி. புது வீரனுக்கு ஒரே அடியில் இத்தனை சேதம் ஏற்பட்டால் மயக்கம்கூடக் கிடையாது, நேராகச் சாவுதான். இதையும் பக்க எண்ணோடு விளக்கிவிட்டு, கணக்குப் பரீட்சை மார்க் வாசிக்கும் குரலில், "கருப்பர் செத்துட்டாருங்க" என்றேன்.

மாமா எழுந்தார். சத்தம் எதுவும் போடவில்லை. பைக் சாவியை எடுத்துக்கொண்டு, "வாரேன் தம்பி" என்று கிளம்பினார். நித்யா என்னை ஒரு பார்வை பார்த்தாள், மேசையிலிருந்த விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். ஹாலில் நானும் செல்வாவும் மட்டும் மிஞ்சினோம். "சாமியையே கொன்னுட்டியேடா" என்றான் அவன்.

இரண்டு நாள் நித்யா போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். நான் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தவன், பாய்ந்து எடுத்தேன்.

"அந்தப் பக்கத்தப் படிச்சேங்க" என்றாள். "சமமா வந்தா நடத்துறவங்க முடிவு பண்ணிக்கலாம்னுதான் போட்டிருக்கு. அப்ப அது சட்டம் இல்ல, ஒங்க இஷ்டம். எங்க மாமாவா பூதமான்னு ஒங்களக் கேட்டிருக்கு. நீங்க பூதத்தச் சொல்லியிருக்கீங்க."

எனக்குக் கூசிப்போனது. நெட்டுருப் போட்டவனுக்கு அந்த ஒரு வரி மட்டும் எப்படி வேறுமாதிரி மனதில் தங்கியது என்று யோசித்தால், பதில் அவ்வளவு கௌரவமாக இல்லை.

தாம்பாளத்தில் பழம் வெற்றிலையோடு குளத்தூர் போனேன். மாமா உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். அவர், செத்தவரை எழுப்ப உங்கள் சட்டத்தில் வழி உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். பழக்கதோஷத்தில், ஒரு பூசாரி வேண்டும், ஒரு வைரம் வேண்டும், இறந்தவரின் ஆன்மா திரும்பிவரச் சம்மதிக்க வேண்டும் என்று அடுக்கினேன்.

"வைரமெல்லாம் வேணாம். ஒரு கெடா வெட்டிப் பொங்க வைங்க. சம்மதம் நான் வாங்கித் தாரேன்" என்றார்.

அப்படியாக, பென்சிலால் எழுதிய ஒரு காகித வீரன் உயிர்த்தெழுவதற்காக, உண்மையான கோயிலில் உண்மையான கிடா வெட்டிய ஒரே கணக்கு வாத்தியார் நானாகத்தான் இருப்பேன். என்ன வேண்டுதல் என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் எங்கப்பா, பையன் ஏதோ தெரியாமல் செய்துவிட்டான் என்று மட்டும் சொல்லிச் சமாளித்தார். (அவர்கள் என்னென்ன கற்பனை செய்தார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.) இரண்டு வீட்டாரும் ஓரிடத்தில் கூடிவிட்டதால் அங்கேயே பேசி, அங்கேயே நித்யாவுக்குப் பூ வைத்தார்கள். மாமாவின் ஃபிளைட்டுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

பந்தியில் முதல் இலை மாமாவுக்கு. நானே சோறு பரிமாறக் குனிந்தேன். அவர் இலைக்கு மேல் கையை நீட்டித் தடுத்தார்.

"எனக்கு அப்பறம் வைக்கலாம் மாப்பிள்ளை. மொதல்ல பூதத்துக்கு வைங்க."

அவர் என்னை மாப்பிள்ளை என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, அவர் பக்கத்தில் காலி இடத்தில் ஓர் இலை போட்டு, சோறு, குழம்பு, கறி என்று பூதத்துக்கு வரிசையாகப் பரிமாறினேன். மொத்தப் பந்தியும் வேடிக்கை பார்த்தது.

அதற்குப் பிறகு எங்கள் கல்யாணம், வளைகாப்பு, மகளின் காதுகுத்து, எந்த விசேஷமானாலும் பந்தியில் பூதத்துக்கு ஓர் இலை விழுகிறது. மாமா துபாயில் இருந்தால் வீடியோ காலில் வந்து, பூதம் சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிறார். போன மாதம் ஒரு பந்தியில் என் மகள், அந்தப் பூதம் நமக்கு என்ன முறை என்று நித்யாவிடம் கேட்டாள்.

நித்யா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒங்கப்பா பக்கத்துச் சொந்தம்."