சோபாக்காரரின் முடிச்சு

சாப்பாட்டு மேஜையை மீட்காமல் ஓய்வதில்லை என்று சோபாக்காரர் சபதம் எடுத்தார். மனதுக்குள்தான். வாய்விட்டு எடுத்தால் மனைவி காதில் விழுந்துவிடும்.

சோபாக்காரர் என்றால் சோபாவில் சாய்ந்து கிடப்பவர் இல்லை. ஊரார் சாய்ந்து கிடக்கச் சோபா தைத்துக் கொடுப்பவர். அவர் வீட்டு மேஜையை மனைவி பூத்தையல் போடும் ஒரு துணி ஆக்கிரமித்திருந்தது. கட்டில் விரிப்பு அகலத்துக்கு வெள்ளைத் துணி, மரச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டியிருக்கும். துணி முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு டிசைன். நட்சத்திரம், சங்கிலி, தேன்கூடு, இலை. எல்லாம் ஒரே கறுப்பு நூலில். துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி குத்த வேண்டும். ஓர் இழை தப்பினால் நட்சத்திரம் நண்டாகிவிடும்.

இந்தத் துணி வந்ததிலிருந்து குடும்பமே தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கேரம் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு முழங்கால் மடங்காது, தரையில் உட்கார முடியாது. அவர் வீட்டிலோ கேரம் போர்டைக் கண்டாலே அவர் மனைவி விறகைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

"என்னப்பா, இன்னிக்கும் மேஜை காலி இல்லையா? அப்ப இந்த வாரமும் நான் ஜெயிச்சதா வச்சுக்கலாம்."

"ஆடாம எப்படிய்யா ஜெயிப்ப?"

"நீ ஆட வரலைன்னா நான் ஜெயிச்ச மாதிரிதானே. டீக்கடையில எல்லாருக்கும் சொல்லியாச்சு."

சோபாக்காரருக்கு ரத்தம் கொதித்தது. கொதித்த சூட்டோடு வீட்டுக்குள் போனார். மனைவி நிமிர்ந்து பார்த்ததும் வெதுவெதுப்பாகிவிட்டது.

"ஏம்மா, இது எப்ப முடியும்?"

"முடியறப்ப முடியும்."

"அதான் எப்ப?"

"நீங்க கேக்கறதை நிறுத்தினா சீக்கிரம் முடியும். எண்ணிக்கை விட்டுப்போச்சு பாருங்க."

"எறும்பு ஊர்ற மாதிரி ஊர்றே. இதெல்லாம் ஒரு தையலா? நான் காண்டாமிருகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் சாயங்காலத்துக்குள்ள உறை தைச்சிடுவேன்."

"காண்டாமிருகம் வந்தா சொல்லி அனுப்பறேன்."

"சரி, முடிஞ்சதும் மேஜை எனக்குத்தானே?"

"கடைசிக் கட்டம் வரைக்கும் முடிச்சுச் செவுத்துல மாட்டிட்டா மேஜை உங்களுக்குத்தான். தலைக்கு வச்சுத் தூங்குங்க."

இந்த வேகத்தில் போனால் பொண்ணுக்குக் கல்யாணமாகித்தான் கேரம் என்று சோபாக்காரர் கணக்குப் போட்டார். பொண்ணு இப்போதுதான் பால்வாடிக்குப் போகிறாள். அப்போதுதான் மூளையில் பல்ப் எரிந்தது. தைப்பதுதானே தன் தொழில்? மத்தியானம் மனைவி, குழந்தையைக் கூட்டிவரப் போய் அப்படியே தன் அக்கா வீட்டில் தலை காட்டிவிட்டுத்தான் வருவாள். அந்த நேரத்தில் வீடு காலி. கமுக்கமாகத் தைத்துத் தள்ளிவிட்டால்? கேட்டுவிட்டுச் செய்ய முடியாது. எறும்பு என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது?

மறுநாளே வேலை தொடங்கியது. முதல் நாள் தைத்ததைவிட விரலில் குத்தியதுதான் அதிகம். இரண்டாம் நாள் நட்சத்திரம் நண்டாகி, பிரித்து மறுபடி நட்சத்திரமாயிற்று. அப்புறம் கை பழகிவிட்டது. சோபா தைக்கும் பழக்கத்தில், நூல் முடிகிற இடத்திலெல்லாம் இரட்டைச் சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு. பல்லால் ஒரு கடி. அசைக்க முடியாத முடிச்சு. யானை உட்கார்ந்தாலும் பிரியாது. சுவரில் மாட்டுகிற துணியில் யானை எதற்கு உட்காரப்போகிறது என்று அவர் யோசிக்கவில்லை.

"அட, சங்கிலிக் கட்டம் முடிஞ்சே போச்சு," என்றாள் மனைவி ஒருநாள் சாயங்காலம்.

"பாத்தியா? நான் ரெண்டு வார்த்தை சொன்னதும் வேகம் வந்திருச்சு."

"ஆமாங்க. எல்லாம் உங்க கைராசி."

மடியில் இருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா பல்லுல கறுப்பு நூல் ஒட்டியிருக்கு."

சோபாக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

"பட்டறையில சோபா தைச்சிருப்பார் கண்ணு," என்றாள் மனைவி. "நீ சாப்பிடு."

தப்பித்தோம் என்று அவர் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

அதன்பிறகு அதிர்ஷ்டம் கொட்டியது. மத்தியானம் வந்தால் ஊசியில் நூல் கோத்துத் தயாராக இருக்கும். நாற்காலி ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்திருக்கும். ஒருநாள் அதில் தலையணைகூட இருந்தது. மறதிக்காரி, எல்லாவற்றையும் போட்டது போட்டபடி போகிறாள் என்று சோபாக்காரர் சிரித்துக்கொண்டார். பட்டறையில் ஒரு சோபா ஸ்பிரிங்கைத் துருத்திக்கொண்டு வாரக்கணக்காகக் காத்திருந்தது. அவரோ தேன்கூட்டுக்கு அடுத்து இலையா, இலைக்கு அடுத்து வேலியா என்று கனவில் இருந்தார்.

கடைசிக் கட்டமும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேஜை பளிச்சென்று காலியாக இருந்தது. வாட்ச்காரர் கேரம் போர்டும் பவுடர் டப்பாவுமாக வந்தார்.

"அண்ணே, ஆடறதுக்கு முன்னாடி இந்தத் துணியை ஒரு முனையில பிடிங்க. ஆணியில மாட்டிடலாம்," என்றாள் மனைவி.

வாட்ச்காரர் பிடித்தார். துணி திரும்பியது. பின்பக்கத்தைப் பார்த்தவர் சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டார்.

"தங்கச்சி, மேல ரெண்டு வரிசை முன்பக்கம் மாதிரியே பின்பக்கமும் வழவழன்னு இருக்கு. கீழ என்ன, ஆட்டுப் புழுக்கை கொட்டின மாதிரி?"

"இந்த வேலைக்கு முடிச்சே போடக்கூடாது அண்ணே. நூலைத் தையலுக்கு அடியிலயே ஓட்டி மறைக்கணும்."

"இரு இரு. இந்த முடிச்சை நான் பாத்திருக்கேன். என் கடை ஸ்டூலுக்கு அடியில!"

சோபாக்காரர் பவுடர் டப்பாவின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"முதல் முடிச்சுலேர்ந்து."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா நிறுத்திடுவீங்களே."

"அப்புறம் நீ எந்தக் கட்டம் தைச்சே?"

"நானா? நான் ஊசியில நூல் கோத்து வச்சதோட சரி. மத்தியானமெல்லாம் அக்கா வீட்டுல காலை நீட்டித் தூங்கினேங்க. இவ பொறந்ததுக்கப்புறம் இப்பத்தான் அப்படித் தூங்கறேன்."

வாட்ச்காரர் சிரித்த சிரிப்பில் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடி தெறித்து விழுந்தது. டீக்கடைக்கு இன்னொரு செய்தி கிடைத்துவிட்டது.

"சிரிச்சது போதும். போர்டைப் போடு," என்று துணியை ஆணியில் மாட்டிவிட்டு விறைப்பாகச் சொன்னார் சோபாக்காரர். "சொன்ன சொல் சொல்தான். செவுத்துல மாட்டியாச்சு. மேஜை எனக்கு."

"உங்களுக்குத்தாங்க. யார் இல்லைன்னா?" உள்ளே போன மனைவி, முன்னதைவிடப் பெரிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். புதுத் துணி, கட்டம் போட்டுத் தயாராக இருந்தது. "அக்கா அவங்க வீட்டுக்கும் ஒண்ணு கேட்டா. இந்தத் தடவை முடிச்சு மட்டும் வேண்டாங்க."

"அப்ப இந்த வாரமும் நான் ஜெயிச்சதா வச்சுக்கலாம்," என்று வாட்ச்காரர் போர்டை அக்குளில் செருகிக்கொண்டார்.

சோபாக்காரர் குனிந்து பார்த்தார். ஊசியில் நூல் ஏற்கெனவே கோத்திருந்தது.