அப்பா அம்மாவை ஒரு நாள் வெளியே கூட்டிப்போகிறவர்

பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டியதையெல்லாம் எழுதி, திட்ட வேண்டியதையெல்லாம் திட்டியாகிவிட்டது. இங்கே சொல்ல வந்தது கவனிக்கிறவரைப் பற்றி. அதிலும் குறிப்பாக, வயதான அப்பா அம்மாவை "அலைச்சல் இல்லாம, பெருசா செலவு இல்லாம, சும்மா ஜாலியா" ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டியே தீருவது என்று கிளம்பிவிட்டவரைப் பற்றி. முதல் வகைப் பிள்ளையிடமிருந்து பெற்றோர் எப்படியாவது மீண்டுவிடலாம். இவரிடமிருந்து மீண்டவர் யார்?

இவரை அடையாளம் காண்பது எளிது. கையில் ஒரு தாள் இருக்கும். வெளியே போய் வந்தால் மற்றவர்கள் எதைப் பார்த்தோம் என்று சொல்வார்கள். இவர் எங்கெங்கே உட்கார்ந்தோம் என்று சொல்வார். ஒரு நகரத்தின் பெருமை இவருக்கு அதன் கோபுரங்களில் இல்லை, கழிப்பறைகளில் இருக்கிறது. "மெதுவா", "பாத்து", "போதும்" என்ற மூன்றே சொற்களை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை ஒரு உல்லாசப் பயணத்தை நடத்திவிடுவார்.

நமக்குக் கிடைத்திருக்கும் மாதிரி, தொழிலால் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டில் ஏறி இறங்கி, சத்தம் கேட்டால் நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதுகிற வேலை. இருபத்தைந்து வருடம் இப்படியே மேலும் கீழும் போய் வந்ததில், படிக்கட்டு என்பது சிமெண்டில் கட்டி வைத்த விபத்து என்ற முடிவுக்கு வந்திருந்தார். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் பெற்றோருக்குத் தினமும் பதினொரு மணிக்கு ஃபோன் செய்வார். அம்மா ஒருமுறை ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றியதை அந்த ஃபோனில் உளறிவிட, அன்று மாலையே வந்து வீட்டிலிருந்த மூன்று ஸ்டூலையும் தூக்கிப்போய்விட்டார். இப்போது பல்பு போனால் ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து மாற்றுவார். அதுவரை? அதுவரை இருட்டுதான்.

அப்பா இவருக்கு வைத்திருக்கும் பெயர் மேனேஜர். நேரில் கூப்பிடுவதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் தாளோடு வந்து உட்கார்ந்தார்.

"நேத்தே நான் தனியா போய் ஒத்திகை பாத்துட்டேன்மா. அப்பா நடக்கிற வேகத்துலயே நடந்து பாத்தேன்."

அதாவது, மகன் மனத்தில் இருக்கிற அப்பாவின் வேகத்தில். ஓர் அடி, ஒரு மூச்சு, மறுபடி ஓர் அடி. பேருந்து நிறுத்தத்திலிருந்து அருங்காட்சியகம் வரை அப்படியே போனதில், ஒரு கல்லூரிப் பெண் ஓடி வந்து கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்திருக்கிறாள். பேருந்தில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். "பெரியவங்கன்னா இந்த ஊர்ல அவ்வளவு மரியாதைம்மா" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

"என்னைக்குடா போறோம்?" என்றாள் அம்மா.

"புதன்கிழமை. கூட்டமே இருக்காது. லீவு போட்டுட்டேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

வாசகரே, இங்கே ஒரு குடும்ப ரகசியம். மகன் காதுக்குப் போய்விடக் கூடாது. கடந்த ஒரு வருடமாக, புதன்கிழமை தவறாமல், இந்த இரண்டு பேரும் முதியோர் பாஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எந்தப் பேருந்து முதலில் வருகிறதோ அதில் ஏறுவது, பிடித்த இடத்தில் இறங்குவது, வழி தெரியாமல் அலைவது, கடைசியில் எப்படியோ அருங்காட்சியகத்துக்கு வந்து, மாடியில் மாட்டியிருக்கும் ஒரு பெரிய கடல் ஓவியத்தின் முன் நின்று சண்டை போடுவது. ஓவியத்திலிருக்கும் படகு கரைக்கு வருகிறது என்பது அப்பாவின் கட்சி. கரையை விட்டுப் போகிறது என்பது அம்மாவின் கட்சி. ஒரு வருடமாகத் தீர்ப்பாகவில்லை. நடுவில் பதினொரு மணிக்கு ஃபோன் வந்தால், அம்மா தெருவோரமாக ஒதுங்கி, "வீட்டுலதான்டா இருக்கோம், எங்க போகப் போறோம்" என்பாள்.

மகனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? ஸ்டூலுக்கு என்ன ஆனதோ அதுவே புதன்கிழமைக்கும் ஆகும்.

"தெரிஞ்ச முகம்னு யாரையாவது பாத்துப் பல்லைக் காட்டிடாதீங்க" என்று அன்றிரவே அப்பாவை எச்சரித்து வைத்தாள் அம்மா.

"நான் எங்க காட்டப் போறேன். அவங்க காட்டினா என்ன பண்றது?"

அப்பா பயந்ததுதான் நடந்தது. புதன்கிழமை காலை பேருந்தில் ஏறியதுமே ஓட்டுநர் திரும்பி, "என்னம்மா, இன்னைக்குச் சீக்கிரமே கிளம்பிட்டீங்க?" என்றார். அம்மா அவசரமாக ஜன்னலுக்கு வெளியே ஒரு விளம்பரப் பலகையைப் படிக்கத் தொடங்கினாள். பூங்கா வாசலில் டீ விற்கும் பெண், யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே இரண்டு டீயை நீட்டி, "சர்க்கரை இல்லாதது அப்பாவுக்கு" என்றாள். மகன் அசந்துபோய்விட்டார்.

"பாத்தீங்களா, முகத்தைப் பாத்தே சுகர்னு கண்டுபிடிச்சுட்டாங்க."

"அனுபவம்டா" என்றார் அப்பா, டீயை ஊதிக்கொண்டே.

நான்கு பெஞ்சுகளில் உட்கார வைத்து, உட்காராத இடங்களில் மூச்சு வாங்குகிறதா என்று விசாரித்து, இரண்டு கழிப்பறைகளுக்குத் தேவை இல்லாமலே அனுப்பி, தாளில் எழுதியிருந்த நிமிடத்துக்கு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே லிஃப்ட் கதவில் ஓர் அறிவிப்பு தொங்கியது: பழுது, யாரும் ஏற வேண்டாம். கீழே கையெழுத்து. யாருடையது? இவருடையதேதான். ஒத்திகைக்கு வந்த அன்று லிஃப்ட் லேசாக முனகியிருக்கிறது. கை சும்மா இருக்குமா?

"திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணணும்னு எழுதியிருந்தேனே" என்று கதவைப் பார்த்து நின்றார். பிறகு நாற்காலி இரண்டைத் தேடிப் பிடித்தார். "நாப்பத்தாறு படி. உங்களால முடியாது. இங்கயே உக்காருங்க, நான் மேல போய் எல்லாத்தையும் படம் எடுத்துட்டு வந்து காட்டுறேன்."

ஏறினார். பாதிப் படியில், திரும்புகிற இடத்தில், நின்றார். கைப்பிடியைப் பிடித்தார். நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து வருட லிஃப்ட் வாழ்க்கை கணக்குத் தீர்த்துக்கொண்டது.

அம்மா பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். ரகசியம் பத்திரமாக இருந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருப்பது, மேனேஜரோ யாரோ, அவள் பெற்ற பிள்ளை. இருபத்து மூன்று படியையும் ஒரே மூச்சில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். அப்பா இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

மேலிருந்து காவலர் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தார். "உங்க பையனாம்மா? வாராவாரம் நீங்க ரெண்டு பேரும் குடுகுடுன்னு ஏறிப் போறீங்க, இவருக்கு என்ன ஆச்சு?"

மகன் தண்ணீரைக் குடித்தார். பாட்டிலை மூடினார்.

"வாராவாரமா?"

"பேசாதடா. மூச்சை மெதுவா விடு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஏற்பாடு பண்ணிடுவியே" என்றார் அப்பா.

அந்த நேரத்தில் மகனின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "உனக்குக் கவலையா இருக்கும்னுதான்" என்று ஏதோ சமாதானம் சொன்னாள். மகன் மனம் மாறி, தாளைக் கிழித்துப் போட்டு, மூவரும் கைகோத்து மேலே போனார்கள் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். இந்த வகையைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும் நீங்கள் அப்படி எதிர்பார்த்தால் குற்றம் என் எழுத்தில்தான்.

அவர் பேனாவை எடுத்தார். மாலைக்குள், வருடம் முழுவதற்குமான புதன்கிழமைகள் மூன்று நிறத்தில் தயாராகிவிட்டன. ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்ததும் ஒரு ஃபோட்டோ அனுப்ப வேண்டும். "ரொம்ப நல்லா இருக்குடா" என்றாள் அம்மா. அதிலிருந்து புதன்தோறும் தவறாமல் உட்காருகிறார்கள், தவறாமல் அனுப்புகிறார்கள். மகனுக்கு மனம் நிறைந்துவிட்டது.

அவர்கள் இப்போது வியாழக்கிழமை ஊர் சுற்றுகிறார்கள்.

நீங்கள் இப்படியெல்லாம் இல்லை, தெரியும். பெற்றோரை அவர்கள் போக்கில் விடுகிறவர் நீங்கள். எதற்கும் இப்போதே ஒரு ஃபோன் போட்டுப் பாருங்கள். "வீட்டுலதான் இருக்கோம், எங்க போகப் போறோம்" என்பார்கள். பின்னணியில் யாரோ பேருந்து நிறுத்தத்தின் பெயரைக் கத்துவது கேட்டால், டிவி சத்தமா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.