மின்னல் ஐவரும் கிழியாத அங்கியும்

பார்க்காத படத்தை வெறுப்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு. பார்த்துவிட்டு வெறுக்க யாராலும் முடியும். ஒரு டிக்கெட் போதும். டிரெய்லரை மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் எரிச்சலோடு இருப்பதற்குத்தான் உழைப்பு தேவை. சில வருடங்களுக்கு முன் அந்த உழைப்பை நான் முழுநேரமாகப் போட்டேன். (அப்போதே எனக்கு நாற்பத்தாறு வயது. இளரத்தம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. தொழில், ஆயுள் காப்பீட்டு முகவர்.)

பள்ளிக்கூட நாளிலிருந்து நான் 'மின்னல் ஐவர்' காமிக்ஸின் பக்தன். ஐந்து பேர், ஐந்து சக்தி, ஐவர் முதுகிலும் தங்கக் கரை போட்ட அரக்கு நிற அங்கி. இதைப் படமாக்கக் கிளம்பிய இயக்குநர், அதற்கு முன்பு ஒரு விவாகரத்தை மிக மெதுவாகப் படமெடுத்து விருது வாங்கியவர். டிரெய்லரில் ஐவரும் வட்டமாக நாற்காலி போட்டு மனநல மருத்துவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பறக்கிற தலைவனுக்கு உயரம் என்றால் பயமாம். அங்கி போய், சாம்பல் நிற மழைக்கோட்டு வந்திருந்தது.

வீட்டில் கொதித்தேன். மனைவி கோமதி, எங்கள் காஞ்சிபுரத்துக் கோயில் இட்லியைத் துண்டு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"சாமிக்கே திருவிழால தினம் ஒரு அலங்காரம் பண்றாங்க. நீங்க இன்னா, போய் சண்டை போட்டீங்களா?"

"சாமிக்கு மழைக்கோட்டு போட மாட்டாங்க."

"போட்டா நீங்க கும்பிட மாட்டீங்களா?"

அங்கேயே ஒரு சபதம் செய்தேன். அந்தப் படத்தைப் பார்த்தால் ஆயுசுக்கும் கோயில் இட்லியைத் தொடமாட்டேன். தட்டில் இருந்த மிளகு இட்லியின் மேல் கை வைத்துச் சொன்னேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மைத்துனன் குமரேசன் சாட்சி.

சபதத்தோடு நிறுத்தியிருக்கலாம். முதல் காட்சியன்று தியேட்டர் வாசலில், பழைய அங்கி அணிந்து, ஊரிலுள்ள பழைய வாசகர்கள் ஐந்து பேர் எதிர்ப்புத் தெரிவிப்பது என்று முடிவு செய்தேன். மற்ற ஊராக இருந்தால் ஏதோ ஒரு பளபளப்புத் துணியை வெட்டி முதுகில் கட்டியிருப்பார்கள். என் மைத்துனனோ பெரிய காஞ்சிபுரத்தில் தறி போட்டிருப்பவன். அங்கி போடவிருந்த எங்கள் ஐந்து பேரில் ஒருவரான பஷீர் பாய் ஜரிகை வியாபாரி.

"சும்மா போராட்டத்துக்குத்தானே, கரையை அப்படியே அச்சடிச்சுடு" என்றேன்.

குமரேசன் முகம் சுருங்கிவிட்டது. "மாமா, தெருவுல நாலு பேர் பாத்தா இன்னா சொல்லுவான்? உடம்பு தனியா, கரை தனியா நெய்து கோர்வைதான் போடணும்."

"ஜரிகை அசல்தான் தருவேன்" என்றார் பாய். "எதிர்ப்புன்னாலும் கறுத்துப் போச்சுன்னா என் பேர் கெட்டுடும்பா."

ஆக, ஒரே பாவில், அதாவது தறியில் ஒரே தடவை ஏற்றிய நூலில், ஐந்து அங்கிகள். கல்யாணப் பெண்ணே பொறாமைப்படும் நெசவு. இந்த அமர்க்களத்தில் கோஷ அட்டை எழுத மறந்துபோய், கடைசி நிமிடத்தில் புடவைப் பெட்டி மூடி ஒன்றின் பின்பக்கம் 'எங்கள் ஐவரைத் திருப்பிக் கொடு' என்று எழுதினோம்.

அதை யாருமே படிக்கவில்லை. எங்களைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒரு அம்மா என் முதுகுத் துணியை மடக்கிப் பிடித்து, உள்பக்கம் திருப்பி, கரை சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். நான் உள்ளே இருப்பதாக அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

"இந்தப் படம் தமிழ் வாசகனுக்குச் செய்த துரோகம்" என்று முழங்கினேன்.

"முந்தானி இல்லியாபா இதுக்கு?" என்றார் அவர்.

என்னிடம் பாலிசி போட்டிருந்த ஒருவர் கூட்டத்திலிருந்து, "சார், பறந்து வியுந்தா கிளெய்ம் வருமா?" என்று கேட்டார். பஷீர் பாய் இதற்குள் மூன்று பேருக்குக் கடை விலாசம் சொல்லி முடித்திருந்தார்.

அப்போது மேனேஜர் சந்தன மாலையோடு ஓடி வந்தார். "படக் கம்பெனில விளம்பரத்துக்கு இப்படி ஆள் அனுப்புறாங்கன்னு சொல்லவே இல்ல சார். இன்னா செலவு பண்ணிக்கிறாங்க."

"நாங்கள் எதிர்ப்புத் தெரிவிக்க வந்திருக்கிறோம்."

"தமாஷா பேசறீங்க சார்" என்று மாலையைப் போட்டு, கைகோத்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் நடு வரிசையில் உட்காரவைத்தார். விளக்கு அணைந்தது. எழுந்து ஓடுவதற்கு அதுதான் நேரம். எழுந்தேன், கழுத்து பின்னால் இழுத்தது. அங்கியின் ஓரம் மடக்கு நாற்காலியின் இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். மலிவுத் துணியாக இருந்தால் கிழித்துக்கொண்டு சபதத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். கழுத்துக் கயிறும் பட்டுதான், குமரேசன் முறுக்கியது, முடிச்சு அவிழவில்லை.

"மாமா, இழுக்காதீங்க, ஜரிகை போயிடும்" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமரேசன். தன் நெசவுக்கு என்ன பேர் கிடைக்கிறது என்று பார்க்க வந்தவன், இலவசமாகப் படமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் பார்த்ததாகாது என்பது என் சட்ட நுணுக்கம். இடைவேளை வரை தாங்கியது; விளக்கு எரிந்தபோதும் நாற்காலி அங்கியை விடவில்லை. அதன்பிறகு திரையில் நீண்ட அமைதி. என்னதான் ஆயிற்று என்று ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். உயரத்துக்குப் பயந்த தலைவன் மொட்டைமாடிச் சுவரில் ஏறி நின்றான். கீழே ஒரு குழந்தை. அந்த மழைக்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குதித்தான்.

எனக்கு இன்னொரு கண்ணும் திறந்துகொண்டது. அதிலிருந்து தண்ணீரும் வந்தது. கையில் அகப்பட்ட அங்கியால் துடைத்தேன்.

"பட்டுல தொடைக்காதீங்க, கறை வியும்" என்றது பின்வரிசை. தங்கையோடு டிக்கெட் வாங்கி வந்திருந்த கோமதி.

மறுநாள் காலை எல்லோருக்கும் மிளகும் சுக்கும் மணக்கக் கோயில் இட்லி வந்தது, எனக்கு உப்புமா.

அந்த அங்கியின் கரையைப் போட்டு, 'மின்னல் கரை' என்ற பெயரில் குமரேசன் இன்றும் அரக்குப் புடவை நெய்கிறான். போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிர் வரிசை முழுக்க மின்னல் கரை. பரிமாறுபவர் கோயில் இட்லியோடு என் இலைக்கு வந்ததும் நாலு பக்கமிருந்தும் குரல் எழுந்தது: "மாமாக்கு வேணாம்பா, அவரு படம் பாத்துட்டாரு."

அதே இயக்குநர் இரண்டாம் பாகம் எடுக்கிறாராம். டிரெய்லர் படுமோசம். அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் குமரேசன் கேட்டான்: "இந்த வாட்டி எதை விடப் போறீங்க மாமா?"

"காபியை விடச் சொல்லுடா" என்றாள் கோமதி. "எப்படியும் முதல் நாளே எனக்கும் சேத்து டிக்கெட் போடுவாரு. பாலாவது மிச்சமாவும்."