ஐந்தாவது யூனிட்டைப் பார்க்காத பேராசிரியர்

வீடு கட்டுகிறவர்கள் ஒரு கூட்டம். கட்டிய வீட்டில் குடியிருக்கிறவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டிலும் சேராமல், ஆயுள் முழுக்க அஸ்திவாரம் தோண்டிக்கொண்டே இருக்கும் மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. அவர்களைத்தான் இப்போது உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறோம். பெயர், அஸ்திவார ஆசாமிகள்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று ஒருவரிடம் வழி கேளுங்கள். "முதல்ல நாம இப்ப எங்க நிக்கிறோம்னு தெரியணும், இல்லையா?" என்று அவர் ஆரம்பித்தால், ரயிலை மறந்துவிடுங்கள். "அடிப்படை சரியா இருக்கணும்" என்பது இவர்களுக்கு மூச்சுக் காற்று. யார் வேண்டாமென்றார்கள்? அடிப்படைக்கு மேல் ஏதாவது இருக்கவேண்டாமா என்பதுதான் கேள்வி.

இந்த இனம் எந்த மண்ணிலும் முளைக்கும் என்றாலும், செழித்து வளர்வதென்னவோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில்தான். இளநிலைப் படிப்பில் பாடங்களுக்குப் பஞ்சமா என்ன? இயந்திரவியல், வெப்பவியல், ஒளியியல், மின்காந்தவியல், அணுக்கருவியல் என்று வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து யூனிட். ஒவ்வொரு பாடத்துக்கும் தவறாமல் ஒரு முதல் யூனிட். வேறென்ன வேண்டும்?

நம்முடைய ஆசாமி ஒளியியல் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'முன்னுரை.' செமஸ்டரின் முதல் நாள் வகுப்பில் நுழைவார். கரும்பலகையைத் தானே துடைப்பார். அழகான கையெழுத்தில் 'ஒளி என்றால் என்ன?' என்று எழுதுவார். அதைத் தள்ளி நின்று ரசிப்பார். மாணவர்கள் பேனாவைத் திறந்துகொண்டு பதிலுக்குக் காத்திருக்கும்போது, அவர் முகத்தில் மெல்ல ஒரு சந்தேகம் படரும்.

"ஒளி என்றால் என்னன்னு கேக்கறோம். சரி. முதல்ல, 'என்ன'ன்னா என்ன?"

அவ்வளவுதான். பேனாக்கள் மூடிக்கொள்ளும். 'என்ன'விலிருந்து 'ஏன்', அங்கிருந்து அளவை, அளவையிலிருந்து மீட்டர், யார் முதலில் மீட்டரை அளந்தார், அதை எதனால் அளந்தார், அளப்பதற்கு முன் அவருக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும்... மழைக்காலம் போய் வெயில் காலம் வரும். ஒளி இன்னும் விளக்கைவிட்டே புறப்பட்டிருக்காது. ஆய்வுக்கூடத்து அலமாரியில் லென்சுகள் பஞ்சு மெத்தையில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். தேர்வு நெருங்குகையில், "அடுத்ததெல்லாம் நீங்களே பாத்துக்கலாம். அடிப்படை போட்டாச்சு" என்பார். உண்மையாகவே பெரிய காரியம் செய்துவிட்டதாக அவருக்கு எண்ணம்.

வீட்டிலும் இதே கதைதான். ஒரு நாள் கூடத்து மின்விசிறி நின்றுவிட்டது. மின்பணியாளர் ஏணியோடு வந்தார். நம்மவர் ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு, "மின்னூட்டம்னு ஒண்ணு இருக்குங்க..." என்று தொடங்கினார். மின்பணியாளர் வேலையை முடித்து, கைகழுவி, தேநீர் குடித்து, கூலி வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பியபோதும், சுற்றுகிற விசிறிக்குக் கீழே மின்னூட்டம் இன்னும் மின்னோட்டமாக மாறவில்லை.

அவர் மனைவி பல் மருத்துவர். தொழில் அப்படி என்பதால் எதையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். பிடித்தால் பிடுங்கிவிடுவார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், தேர்வுப் பிரிவு குண்டைத் தூக்கிப் போட்டது. ஒளியியல் தேர்வில், நடு யூனிட்டுகளைத் தாங்களே படித்து ஒப்பேற்றினாலும், ஐந்தாவது யூனிட் கேள்விகளுக்கு ஆண்டுக்கணக்காக எல்லா மாணவர்களும் வெற்றுத்தாளையே கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு மாணவி மட்டும், "இந்தக் கேள்வி தவறுதலாக வேறு துறையிலிருந்து வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்" என்று பணிவாக எழுதியிருந்தாள். இந்தத் தடவையும் இப்படியே நடந்தால் ஒளியியலை ஒரு பாடமாகவே நடத்தவேண்டாம், அதை மின்காந்தவியலுக்குள் நாலு பக்கமாகச் சுருக்கிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது.

துறைத் தலைவி அவரைத் தம் அறைக்கு அழைத்தார். அந்த அம்மாள் ஒருகாலத்தில் இவருடைய மாணவிதான்.

"சார், இந்த செமஸ்டர் ஒளியியலை ரெண்டாப் பிரிச்சிருக்கேன். முதல் நாலு யூனிட்டைப் புதுசா வந்த மேடம் எடுக்கறாங்க. அஞ்சாவது மட்டும் உங்களுக்கு."

"அஞ்சாவதா?" பேராசிரியர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அதுல என்னம்மா இருக்கு?"

"சிலபஸ் போட்ட கமிட்டிக்கே நீங்கதானே சார் தலைவர்!"

"முதல் கூட்டத்துக்கு மட்டும்தாம்மா போனேன்."

துறைத் தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எங்க பேட்ச்ல அஞ்சாவது யூனிட்டை மொட்டைமாடியில உக்காந்து நாங்களேதான் படிச்சோம் சார். ஒருத்தன் அதைத் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டு, இப்ப வக்கீலா இருக்கான். இந்தப் பிள்ளைங்களையும் அப்படி விடமுடியாது. நீங்க நடத்துங்க. ஒளியியல் போச்சுன்னா, உங்களுக்கு வேற என்ன வகுப்பு குடுக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

கடைசி வாக்கியத்தை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அது நேரே நெஞ்சில் போய்த் தைத்தது. பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். பாடப்புத்தகத்தை எடுத்தார். நீங்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கவேண்டும். முதல் அத்தியாயம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, மூலை தேய்ந்து, பழந்துணி மாதிரி குழைந்து கிடந்தது. அதற்கப்புறம் புத்தகம் புத்தம் புதிது. கடைசி அத்தியாயத்தின் பக்கங்கள் அச்சகத்தில் வெட்டுப்படாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இத்தனை ஆண்டுகளாக!

மனைவி வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே போய், பல்லிடுக்கில் விட்டு நெம்புகிற மெல்லிய கருவி ஒன்றை எடுத்துவந்து, பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்தார்.

"லேசர்னு போட்டிருக்கு!" என்றார் பேராசிரியர், வீட்டுக்குள் விருந்தாளி யாரோ நுழைந்துவிட்ட மாதிரி. "நம்ம பாடத்துல லேசர் இருக்கு!"

"என் கிளினிக்லயும்தான் இருக்கு. ஈறு வெட்டறதுக்கு வாங்கி எவ்வளவு நாளாச்சு! நீங்க எங்க உள்ள வந்தீங்க? வாசல்ல போர்டைப் படிச்சிட்டு அப்படியே திரும்பிடுவீங்க."

பேராசிரியர் படித்தார். கிளர்ந்து நிற்கும் அணு ஒன்றை ஒரு ஒளித்துகள் உரசிக்கொண்டு போனால், அந்த அணுவும் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு துகளை வெளியே அனுப்புமாம். இரண்டும் ஒரே திசையில், ஒரே தாளத்தில் கிளம்புமாம். போகிற வழியில் மற்ற அணுக்களையும் உசுப்பிவிடுமாம். படிக்கப் படிக்க அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தைத் திருப்பினால் ஹாலோகிராம். முப்பரிமாணப் படம். அந்தப் படம் பதிந்த தகட்டை உடைத்தால், உடைந்த துண்டிலும் முழுப் படம் தெரியும் என்று போட்டிருந்தது. அவர் எழுந்து கூடத்தை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"நல்லா இருக்கா?" என்றார் மனைவி.

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு." அவர் உட்கார்ந்தார். "ஆரம்பிக்கறது எனக்குப் பழக்கம். யாரும் தப்பு சொல்லமுடியாது. முடிச்சிட்டா... முடிச்சதுக்கப்புறம் என்ன பண்றது?"

"அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடணும்" என்றார் மனைவி.

வகுப்பு நாள் வந்தது. 'முன்னுரை' முடிவுரை நடத்தப்போகிறார் என்ற செய்தி கட்டடம் முழுக்கப் பரவி, வேதியியல் மாணவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். கணிதத் துறையில் ஒரு வகுப்பையே ரத்து செய்துவிட்டார்கள். துறைத் தலைவி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பேராசிரியர் நுழைந்தார். கரும்பலகையைத் துடைத்தார். சாக்பீஸை எடுத்தார். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

'லேசர்' என்று எழுதினார். பக்கத்தில் கேள்விக்குறி இல்லை!

பிறகு நடத்தினார் பாருங்கள். அணு கிளர்ந்தது, துகள் கிளம்பியது, துகளோடு துகள் சேர்ந்தது, கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓடிப் பெருகி, ஒரே கற்றையாக வெளியே பாய்ந்தது. அவர் கைகள் இரண்டும் இரண்டு கண்ணாடிகளாயின. வேர்த்து விறுவிறுத்து, கோட்டைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு நடத்தினார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் ஒரு மாணவன், ஒரு பாவமும் அறியாத பிள்ளை, கையைத் தூக்கினான்.

"சார், கற்றைனா என்ன சார்?"

"டேய்!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அலறியது. பக்கத்திலிருந்தவள் அவன் வாயைப் பொத்தினாள். பின்னாலிருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். காலம் கடந்துவிட்டது. பேராசிரியரின் கை காற்றில் நின்றது. கண்களில் அந்தப் பழைய ஒளி ஏறியது. கற்றை! அழகான கேள்வி. கற்றை என்றால் பல கதிர்கள். கதிர் என்றால்? பல என்றால்? ஒன்று என்றாலே என்ன? உதடு குவிந்துவிட்டது. கடைசி பெஞ்சில் துறைத் தலைவி மெல்ல எழுந்து நின்றார்.

பேராசிரியர் அவரைப் பார்த்தார். மாணவர்களைப் பார்த்தார்.

"அது... அப்புறம் சொல்றேன்ப்பா."

ஜன்னலில் தொங்கிய ஒருவன் கைதட்டும் ஆவேசத்தில் பிடியை விட்டு, கீழே பூச்செடியில் விழுந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது யூனிட் முடிந்தது. உண்மையிலேயே முடிந்தது. அந்த வகுப்பு அந்த ஆண்டுத் தேர்வில் கடைசிக் கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியது. ஒளியியலைச் சுருக்கும் பேச்சை மேலிடம் அப்படியே விட்டுவிட்டது.

கதை இங்கே சுபமாக முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அஸ்திவார ஆசாமி அவ்வளவு லேசில் திருந்துகிறவரா?

அடுத்த செமஸ்டரில் பள்ளிக்கூடத்தைவிட்டு அப்போதுதான் வெளியே வந்த முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இயந்திரவியல் எடுக்கச் சொன்னார்கள். முதல் நாளே ஐந்தாவது யூனிட்டை ஆரம்பித்தார். மறுநாளும் அதே. அந்த வாரம் முழுக்க அதே. தராசைக்கூட நேரே பார்த்திராத பிள்ளைகள், சார்பியல் கொள்கையைக் கேட்டுத் திருதிருவென்று விழித்தார்கள். பெற்றோர் இருவர் நேரில் வந்து அழுதார்கள். துறைத் தலைவி மறுபடியும் கூப்பிட்டார்.

"சார், ஒண்ணாவது யூனிட்..."

"அதெல்லாம் சில்லறை சமாச்சாரம்மா. முடிவு தெரிஞ்சாத்தான் ஆரம்பம் புரியும். ஹாலோகிராம் துண்டுல முழுப் படமும் தெரியல? அதே மாதிரி அஞ்சாவது யூனிட்டுக்குள்ள எல்லா யூனிட்டும் இருக்கு."

"துண்டு சின்னதா ஆக ஆக, படம் மங்கிடும் சார்."

"அது எந்த யூனிட்ல வருது?" என்று கேட்டார் பேராசிரியர், உண்மையான ஆவலோடு.

இப்போது அவரிடம் எந்தப் பாடத்தைக் கொடுத்தாலும் கடைசி யூனிட்டைத்தான் நடத்துகிறார். வெப்பவியலிலும் அதே, மின்காந்தவியலிலும் அதே. வீட்டில் நாவலைக் கடைசிப் பக்கத்தில் திறந்து, படித்து, மூடி, "பிரமாதம்" என்று பெருமூச்சு விடுகிறார். சென்ற வாரம் மைத்துனர் குடும்பத்தோடு ஊரிலிருந்து வந்து பெட்டியோடு வாசலில் நின்றபோது, "ரொம்ப சந்தோஷம் மாப்ள. போயிட்டு வாங்க" என்று கைகூப்பினார். மைத்துனருக்கு முகம் செத்துவிட்டது. மனைவிதான் ஓடிவந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அன்று சாயங்காலம் மைத்துனர் தம் அக்காவிடம் ரகசியமாகக் கேட்டார்: "மாமாவுக்கு என்னக்கா ஆச்சு? டாக்டர்கிட்ட காட்டினியா?"

"முன்னாடி வேருல வலி. இப்ப நுனியில வலி" என்றார் பல் மருத்துவர். "பல்லு ஒண்ணுதான்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் பரணைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். 'ச-ரி-க-ம' வரை வாசித்து உறைபோட்டு வைத்த ஆர்மோனியம் யாருடையது? ஒரு கை மட்டும் பின்னிய நிலையில் நூலுண்டையோடு கிடக்கிற ஸ்வெட்டர்? 'வணக்கம், என் பெயர்' என்பது வரைக்கும் நீங்கள் பேசக் கற்றிருக்கிற வெளிநாட்டு மொழிகள் எத்தனை? இல்லை, இல்லை, நான் அந்த ரகமே இல்லை, தொட்டதை முடிக்காமல் விடமாட்டேன் என்கிறீர்களா? நல்லது. நம்புகிறோம். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் மனசாட்சியைத் தொட்டுப் பதில் சொல்லிவிடுங்கள்: இதைப் படிக்க உட்கார்ந்ததும், எப்படித்தான் முடிகிறது பார்ப்போம் என்று இந்தக் கடைசி வரியைத்தானே முதலில் பார்த்தீர்கள்?