சம்பந்தி வீட்டாரும் சாயக் குடைகளும்

என் அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டாரில் மூன்று பேருக்குச் சாயம் ஏற்றிவிட்டேன். குடும்பத்தில் எல்லோரும் அதை என் கொழுப்பு என்பார்கள். நான் அதைச் சோதனை என்பேன். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன், இன்றைக்கும் அப்படித்தான்.

எழுபதுகளில் கல்கத்தாவில் ஒரு குடைக் கம்பெனியில் நான் ஸ்டெனோ. வீடு பாலிகஞ்ச். அப்பா பாங்க் ஆபீஸர். எங்கள் கம்பெனி தலைமுறை தலைமுறையாகக் கறுப்புக் குடை மட்டுமே செய்துவந்தது. கல்யாணத்துக்கும் கறுப்பு, கருமாதிக்கும் கறுப்பு. இனி கலர் குடைதான் என்று மேனேஜர் முகர்ஜி ஒரு ஐந்தாண்டுத் திட்டம் போட்டார். (சர்க்காரே போடுகிறது, நாம் என்ன குறைச்சல் என்பது அவர் கட்சி.) முதல் வருடம் ஆய்வு. இரண்டாம் வருடம் அந்த ஆய்வைப் பற்றி ஆய்வு. மூன்றாம் வருடம் திடீரென்று ஆயிரக்கணக்கில் உற்பத்தி. ஒவ்வொரு முறை அவர் ஒரு கமாவை மாற்றும்போதும் நான் கார்பன் வைத்து முழுசாக மறுபடி அடிக்க வேண்டும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "சார், நாலே நாலு குடை செய்து மழையில் பிடித்துப் பார்த்துவிடலாமே?"

முகர்ஜி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ் ராஜி, இது பிசினஸ். குழந்தை விளையாட்டு இல்லை."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே ஹவுராவில் இருந்த எங்கள் பட்டறைக்குப் போய், மிஸ்திரியிடம் நாலு மாதிரிக் குடைகள் செய்யச் சொன்னேன். (மேனேஜர் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. கேட்கவில்லை என்றும் சொல்லவில்லை.) பச்சை, ரோஸ், நீலம், மஞ்சள். பார்க்கக் கண்ணைப் பறித்தன.

"சாயம் போகாதே?" என்றேன்.

"ரொங் ஏக்தொம் பாக்கா, திதி!" என்று மிஸ்திரி மார்பைத் தட்டினார். நிறம் கெட்டியோ கெட்டி, அக்கா என்று அர்த்தம்.

யார் கையில் கொடுத்துப் பார்ப்பது? அங்கேதான் முகர்ஜியின் திட்டம் எனக்குக் கைகொடுத்தது. நம் வாடிக்கையாளர்கள் யார் யார் என்று அதில் ஒரு பக்கமே இருந்தது: ஆபீஸ் போகும் இளைஞர், குடும்பத் தலைவர், இல்லத்தரசி, வயதானவர். இந்த நாலு பேரும் ஒரே டிரெயினில் கரக்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றால் நான் என்ன செய்ய? மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, அத்தைப் பாட்டி. திட்டத்துக்கு அச்சில் வார்த்த மாதிரி ஒரு குடும்பம்!

"ஸ்டேஷனுக்கு நீ போய் அழைச்சுண்டு வா. சம்பந்தியாத்து மனுஷா, ஜாக்கிரதை" என்றார் அப்பா.

"குடையெல்லாம் எடுத்துண்டு போறேன்பா."

"சமத்து" என்றார். அந்த வார்த்தையை அதற்கப்புறம் அவர் என் விஷயத்தில் உபயோகித்ததாக ஞாபகமில்லை.

ஆனி மாதத்து மழை. ஹவுராவில் டாக்ஸி பிடித்து வந்தோம். எங்கள் தெரு முனையில் முழங்காலளவு தண்ணீர். அதற்கு மேல் ஒரு அடிகூட வரமாட்டேன் என்று டிரைவர் இறக்கிவிட்டுவிட்டார். எனக்கானால் உள்ளுக்குள் குதூகலம். நாலு பேர் கையிலும் நாலு குடையைக் கொடுத்தேன். நான் மட்டும் பழைய கறுப்புக் குடை பிடித்துக்கொண்டேன். (ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டாமா?)

பாதித் தெரு தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். குடைக்கு மேலே பெய்த மழை, குடைக்கு உள்ளேயும் பெய்துகொண்டிருந்தது. கலராக.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா, தட்டில் இருந்ததைவிடச் சம்பந்தி மாமியின் கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். சம்பந்தி மாமாவின் விபூதி பச்சையாகி, மூக்கு வழியாக இறங்கி, வெள்ளைச் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தலையிலிருந்து கழுத்துவரை நீலம்; கையில் ஒரு புல்லாங்குழல்தான் குறை. எதிர்வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஓ மா! ஆஷாட மாசத்திலேயா தோல்?" என்று கத்தினாள். (தோல் என்பது வங்காளத்து ஹோலி. எங்கள் விருந்தாளிகளைப் பார்த்தால் அந்த வார்த்தை இரண்டு பாஷைக்கும் பொருந்தியது.)

சம்பந்தி மாமா ரயில்வே பட்டறையில் பெரிய அதிகாரி. துண்டால் முகத்தைத் துடைத்தார். பச்சை இன்னும் பரவியது. அப்பாவைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "திரும்பிப் போக அடுத்த டிரெயின் எப்போ?"

உள்ளே அக்கா விசும்பும் சத்தம் கேட்டது. அப்பா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "கால்ல விழு. மன்னிப்புக் கேளு."

அக்காவின் கல்யாணம் என் கையால் நின்றுபோகுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

"மாமா, குடையை விரிச்ச உடனேயே சொட்டித்தா, இல்ல கொஞ்சம் நடந்தப்புறமா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சம்பந்தி மாமா என்னை முறைத்தார். முறைத்தவர், மெல்லப் புருவத்தைச் சுருக்கினார்.

"கொஞ்சம் நடந்தப்புறந்தான்" என்றார். பிறகு அத்தைப் பாட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். மஞ்சள் குடை பிடித்த அந்த அம்மாள் மட்டும் நிறம் மாறாமல் நின்றிருந்தார். "மஞ்சள் மாத்திரம் ஏன் போகலை?"

"அதுதான் மாமா எனக்கும் தெரியணும்."

"துணி வேறயா, சாயம் வேறயா?"

"துணி ஒண்ணுதான். சாயம்..."

"சாயத்தை யார் காய்ச்சினா? சாயம் பிடிக்க உப்புப் போட்டாளா?"

அடுத்த டிரெயினை அவர் மறந்துபோனார். அப்பாவின் ஈஸிசேரில் பச்சை முகத்தோடு உட்கார்ந்து, குடைத் துணியைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார். மாமிக்குத்தான் ஆறவில்லை. மாப்பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீல மாப்பிள்ளைக்கும் அழுது சிவந்த அக்காவுக்கும் நிச்சயம் ஆயிற்று.

திங்கட்கிழமை நாலு குடைகளையும் முகர்ஜியின் மேஜைமேல் விரித்து வைத்தேன். கொஞ்ச நஞ்சமா கத்தினார்! "திட்டத்தில் இது எங்கே இருக்கிறது?"

"இல்லை சார். அதனால்தான் மூன்றாம் வருடம் கல்கத்தா முழுக்கப் பச்சையாகியிருக்கும்" என்றேன். "திட்டம் இல்லாவிட்டால் யாரிடம் கொடுத்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரிந்திருக்காது. கொடுத்துப் பார்க்காவிட்டால் திட்டம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது."

மெமோ கொடுத்தார். அதையும் நான்தான் அடித்தேன், தப்பில்லாமல். ஆனால் அடுத்த வாரம் திட்டத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் சில குடைகளை மழையில் பிடித்துப் பார்க்க வேண்டும். என் பெயர் இல்லை. பரவாயில்லை. அடுத்த மழைக்காலத்துக்கே மஞ்சள் குடை கடைக்கு வந்துவிட்டது.

நிச்சயதார்த்தத்தன்றே மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் நீலமேகம் என்று பெயர் விழுந்தது. அவருடைய நிஜப் பெயர் சுந்தரம் என்பது பல பேருக்குத் தெரியவே தெரியாது. போன மாதம் அவருடைய பேரன் பள்ளிக்கூடத்தில் தாத்தா பெயரை எழுதச் சொன்னார்களாம். 'நீலமேகம்' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறான். அக்கா எனக்குப் போன் போட்டுக் கால்மணி நேரம் திட்டினாள். பின்னாலிருந்து அத்திம்பேரின் குரல் கேட்டது: "இருக்கட்டும்டி, திருத்த வேண்டாம். அந்தப் பேர்தான் நன்னாயிருக்கு."